ஏழாம் எண் சிவப்பு அட்டை

என் வீட்டில் எந்த சுவிட்சிலாவது சிவப்பு அட்டை தொங்கினால் அதை யாரும் கழற்றக் கூடாது. மாட்டியவர் யாரோ அவர்தான் கழற்ற வேண்டும். இது நான் கண்டுபிடித்த விதி அல்ல. நான் வேலை பார்த்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு மோட்டாரையோ கன்வேயர் பெல்ட்டையோ பழுது பார்க்கும்போது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிட்டால் கை போகும், அல்லது ஆளே போவார். அதனால் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதே' என்று எழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவோம். அட்டையின் எண்ணையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். வேலை முடிந்ததும் அதே ஆள் வந்து அட்டையைக் கழற்றி, அதே பதிவேட்டில் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்ட் முடிந்து அவர் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டால் ஜீப் அனுப்பிக் கூட்டிவருவோமே தவிர, அட்டையைத் தொடமாட்டோம்.

முப்பத்து நான்கு வருடம் இப்படி இருந்தவனுக்கு ஓய்வு பெற்ற மறுநாள் மட்டும் வேறு புத்தி வந்துவிடாது. நிறுவனத்தின் டவுன்ஷிப் வீட்டைக் காலி செய்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பன்னிரண்டு சிவப்பு அட்டைகளை அச்சடித்து, லேமினேட் செய்து, எண் போட்டு, கயிறு கோத்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, இன்வெர்ட்டர், எது பழுதானாலும் அட்டை. பதிவேடும் உண்டு, கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. நினைவை நம்பக் கூடாது என்பதற்காகத்தான் பதிவேடு. என் விஷயத்தில், பதிவேடு இருக்கிறது என்ற தைரியத்தில் எதையும் நினைவு வைத்துக்கொள்வதே இல்லை என்று ஆகிவிட்டது.

என் மனைவிக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு கருத்து உண்டு. "அந்த அட்டையில ஒண்ண உங்க வாயில மாட்டிக்கிட்டா வீடு நிம்மதியா இருக்கும்" என்பது அது.

இது நடந்த சமயத்தில் குளியலறை ஹீட்டர் சுவிட்சில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி தொடங்கி அது அங்கேயே இருந்தது. ஹீட்டரில் ஏதாவது கோளாறு கண்டு நான்தான் மாட்டியிருப்பேன். எலெக்ட்ரீஷியனுக்கு எத்தனையோ முறை போன் செய்தேன். 'நாளைக்கு வரேன் சார்' என்ற பதிலில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் போயின. மூன்று மாதமும் விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். அட்டை தொங்கும்போது சுவிட்சைப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொங்கல் முடிந்த மறுவாரம், திங்கட்கிழமை காலை, ஓர் அம்மாள் கேட்டைத் தட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை வாரிப்போடும் கான்ட்ராக்ட் வேலை. வீடு இதே வடக்குத்தில், என் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி.

"சார், என்ன ஞாபகம் இருக்குதுங்களா? நீங்கதான் எனக்கு கிளாசு எடுத்தீங்க."

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிப் பன்னிரண்டு வருடம் நான் தொழிலாளர் பயிற்சி மையத்தில் இருந்தேன். சுரங்கத்துக்குள் புதிதாகக் கால் வைக்கும் எவரும் எங்களிடம் பாதுகாப்பு வகுப்பு முடித்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆயிரக்கணக்கான பேர் வந்து போனார்கள்.

"எத்தனையோ பேருக்கு எடுத்தேன்மா" என்றேன்.

"ஒரு தேங்காய்க்கு ஹெல்மெட் மாட்டி சுத்தியால அடிச்சீங்க, ஒடயல. இன்னொரு தேங்காய சும்மா வெச்சி அடிச்சீங்க, சில்லு சில்லா பூட்சி. மண்டையும் இப்பிடித்தான்னு சொல்லிட்டு அந்தச் சில்ல எங்களுக்கே குடுத்தீங்க. எனக்குப் பெரிய சில்லு சார். மொத பெஞ்சில குந்திகினு ஒரு வார்த்த வுடாம கேட்டேன்."

அது என் வகுப்புதான். சந்தேகமில்லை.

அவர் வந்த காரியம் இது. பழைய கான்ட்ராக்ட் முடிந்து புதிய கான்ட்ராக்ட் வந்தபோது எல்லோருக்கும் புது கேட் பாஸ் கொடுத்தார்கள். அதற்காகப் பழைய பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இப்போது நீண்ட காலம் வேலை செய்தவர்களை மட்டும் பொறுக்கி ஒரு பட்டியல் தயாராகிறது. பெயர் அதில் இருந்தால் கான்ட்ராக்ட் மாறினாலும் வேலை போகாது. இல்லாவிட்டால் அடுத்த கான்ட்ராக்டர் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடுதான். இந்த அம்மாளுக்குப் புது பாஸில் இருந்த தேதியையே சேர்ந்த தேதி என்று எழுதிவிட்டார்கள். பழைய கான்ட்ராக்டரின் காகிதங்கள் ஒரு புயலில் நனைந்து கூழாகியிருந்தன. ஆட்சேபம் சொல்ல வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. எழுத்தில் ஓர் ஆதாரம் வேண்டும்.

"பதினோரு வருசம் பெல்ட்டுக்கு அடியில மண்ணு வாரிகினு இருந்தேன் சார். இப்ப கேட்டா, நீ வந்து மூணு வருசந்தான் ஆவுதுன்றாங்க. அந்தப் பதினோரு வருசம் நான் எங்க இருந்தேனாம், துபாய்லயா?"

பயிற்சி முடித்த தேதி தெரிந்தால் சேர்ந்த தேதி தெரிந்துவிடும். அந்தத் தேதி என்னிடம் இருந்தது.

பயிற்சி மையத்தில் இருந்தபோது, வருகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் கணினியில் ஏற்ற நான் ஒரு டேட்டாபேஸ் அமைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். மையம் வேறு கட்டிடத்துக்கு மாறியபோது அந்தக் கணினியைப் பழைய இரும்போடு சேர்த்து ஏலம் விட்டார்கள். அதற்கு முன்பே, முறைப்படி கடிதம் எழுதி, மேலதிகாரியின் அனுமதியோடு ஒரு சி.டி.யில் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். நகல் என் பொறுப்பைவிட்டு வெளியே போகக் கூடாது, கேட்பவருக்கு அவருடைய பதிவை மட்டும் காட்டலாம் என்று இரண்டு நிபந்தனைகள். இரண்டின் கீழும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"புதன்கிழமை வாம்மா, பிரிண்ட் தரேன்" என்று சொன்னேன். அந்த வாரத்தில் நான் செய்த தவறுகளில் இது முதலாவது.

அந்த சி.டி.யில் இருந்த கோப்பு, எந்த மென்பொருளில் உருவானதோ அதில்தான் திறக்கும். அதே மென்பொருளின் இன்றைய பதிப்பிடம் காட்டினால் 'இது மிகப் பழையது' என்கிறது. என்னைப் பற்றியும் அதே அபிப்பிராயம்தான் போலிருக்கிறது. சரி, பழைய பதிப்பையே நிறுவுவோம் என்று தேடிப்பிடித்து இறக்கினேன். என் கணினியும் பழையதுதான்; சி.டி. போட அதில் இன்னும் வாய் இருக்கிறது.

நிறுவத் தொடங்கியதும் திரையில் ஒரு பச்சைப் பட்டை வளர ஆரம்பித்தது. பத்து, இருபது, ஐம்பது என்று வளர்ந்து தொண்ணூற்றைத் தாண்டியது. அங்கே போய் நின்றது. ஐந்து நிமிடம் யோசித்தது. 'சர்வீஸைத் தொடங்க இயலவில்லை' என்று ஒரு செய்தியைக் காட்டியது. அதன்பிறகு பட்டை பின்னால் போக ஆரம்பித்தது. தொண்ணூறு, ஐம்பது, இருபது, பூஜ்யம். நாளெல்லாம் மண் வெட்டிய இயந்திரம், கடைசி வாளியைக் கொட்டுமுன் மனம் மாறி, வெட்டிய மண்ணை எல்லாம் திரும்பவும் குழியிலேயே போட்டுவிட்டுப் போவதைப் போல இருந்தது.

நான் பதறவில்லை. கோளாறு கண்டுபிடிக்க முறை இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் குறித்துக்கொள், பழைய நிலைக்குக் கொண்டுவா, அடுத்ததை மாற்று. ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். வைரஸ் காவலனை நிறுத்திவிட்டு நிறுவினேன். நிர்வாகி உரிமையோடு நிறுவினேன். இறக்கிய கோப்பு பழுதோ என்று மறுபடி இறக்கினேன். இதற்கு முன்பே இருந்தாக வேண்டிய துணை மென்பொருள்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன், இருந்தன. ஒவ்வொரு முறையும் பட்டை தொண்ணூறுவரை போய் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. நடுவே மின்சாரம் வேறு போனது. நிலக்கரியை எரித்து நாட்டுக்கு விளக்கேற்றும் ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்து மெழுகுவத்தி தேடுவது எப்படி இருக்கும் என்று டவுன்ஷிப் மதிலுக்குள் இருந்தவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை இணையத்தில் தேடினேன். எட்டு வருடத்துக்கு முன் ஒருவர் இதே செய்தி, இதே பட்டை, இதே தொண்ணூறு என்று கேள்வி கேட்டிருந்தார். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. அதன் கீழே பதினாறு பேர் பதினாறு யோசனை சொல்லியிருந்தார்கள். கடைசியாகக் கேட்டவரே வந்து, 'சரியாகிவிட்டது, அனைவருக்கும் நன்றி' என்று எழுதியிருந்தார். என்ன செய்து சரியானது? ஒரு வார்த்தை இல்லை. என் கீழ் வேலை செய்தவர் எவராவது லாக் புத்தகத்தில் இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன்.

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மாமா?"

"ஒன்பது தடவ பண்ணியாச்சுங்க."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க மாமா. அந்த ஃபைல எனக்கு அனுப்பிடுங்க. நான் இங்க ஓப்பன் பண்ணி, வேண்டியத எடுத்து அனுப்பறேன். அஞ்சு நிமிஷம்."

"அனுப்ப முடியாதுங்க. வெளிய குடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"யார்கிட்ட மாமா?"

"ஆபீஸ்ல."

"அவங்கதான் அந்தக் கம்ப்யூட்டரையே எடைக்குப் போட்டுட்டாங்கன்னீங்களே?"

"எடைக்கு இல்ல, ஏலத்துக்கு. அது வேற" என்றேன். மாப்பிள்ளை, "அத்தை நல்லா இருக்காங்களா மாமா?" என்று கேட்டார்.

நிறுவும்போது நடந்ததை எல்லாம் அந்த மென்பொருள் ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. அதை அச்சடித்தேன். அறுபத்திரண்டு பக்கம். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்ததில், நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் எழுத முயன்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. அடிக்கோடு போட்டேன். இரண்டு கோடு. அந்த ஃபோல்டரை நானே திறக்கப் பார்த்தேன். எனக்கும் அனுமதி மறுக்கப்பட்டது.

என் கணினி. என் மேஜை. என் மின்சாரம், அது இருக்கிறபோது. எனக்கு அனுமதி மறுக்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? கணினி தனக்குத் தானே போட்டுக்கொண்ட பூட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பதினாறு பேரில் ஒருவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அவர் சொன்ன தீர்வு, கணினியில் உள்ளதை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது.

புதன்கிழமை அந்த அம்மாள் வந்தார். தயாரில்லை என்றேன்.

"மெசினு ரிப்பேருங்களா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. மென்பொருள் நிறுவ முடியல."

"பஜார்ல ஒரு கம்பியூட்டர் கடை இருக்குது சார். நான் வோணா சி.டி.ய எடுத்துகினு போயி..."

"அது வெளிய போகக் கூடாதும்மா. ரூல்."

"ரூலு உங்களுக்கு. வேல போறது எனக்கு. நல்லா இருக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை இன்னும் நான்கு முறை நிறுவிப் பார்த்தேன். கட்டம் போட்ட தாள் தீர்ந்து பின்பக்கத்தில் எழுதினேன்.

வியாழக்கிழமை அந்த அம்மாள் முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். மணி இரண்டரை இருக்கும். சட்டையெல்லாம் பழுப்பு மண். என் மனைவி நாற்காலி போட்டு, சாதம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு, வேண்டாம் என்றதும் டீ கொடுத்தாள். நான் பதினேழாவது முறையாகப் பட்டை பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், ஆயிப்போச்சா?"

"எங்கம்மா ஆகுது? பாரு. எனக்கே அனுமதி இல்லங்குது. நான் வாங்கின மெஷின், நான் வெச்ச பாஸ்வேர்டு. யாராவது எதையாவது துண்டிச்சு வெச்சிருந்தா அதுல அட்டை இருக்கணுமா இல்லையா? முன்னாடி பாத்துட்டேன், பின்னாடி பாத்துட்டேன், அட்டை இல்ல. அட்டை இல்லன்னா யாரும் துண்டிக்கலன்னு அர்த்தம். அப்பறம் எப்படி..."

"அது எப்பிடி சார்?"

"எது எப்படி?"

"அட்ட இல்லேன்னா துண்டிக்கலேன்னு எப்பிடி சொல்றீங்க? நீங்கதான கிளாசுல கத்துனீங்க. அட்டய நம்பாத. அட்ட இருந்தாலும் டெஸ்டர் வெச்சிப் பாரு, இல்லேன்னாலும் டெஸ்டர் வெச்சிப் பாரு. அட்ட காத்துல பூடும், கயிறு அறுந்துடும், எலி கடிச்சிடும். பொஸ்தகம் எங்கியும் போவாது, மொதல்ல பொஸ்தகத்தப் பாருன்னு. பொஸ்தகத்தப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

என் வகுப்பில் மூன்றாம் பாடம் அது. பன்னிரண்டு வருடம் மாதம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். என் மனைவி டீ தம்ளரை வாங்கியபடியே, "பீரோல மேல் தட்டுல இருக்கு. நான் தொடல, எடுக்கறதுன்னா நீங்களே எடுத்துக்குங்க" என்றாள். குரலில் இருந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். புரட்டாசி மாதத்தில், என் கையெழுத்தில், நல்ல தெளிவான எழுத்தில் இருந்தது. என்னிடமுள்ள புத்தகங்களுக்குப் பட்டியல் போட அப்போது ஒரு மென்பொருள் நிறுவியிருந்தேன். அது தன்னோடு ஒரு டேட்டாபேஸைக் கூட்டிவந்து, கணினியை நகரவிடாமல் செய்தது. அதை நீக்கிவிட்டு, மறுபடி வந்து உட்காராமலிருக்க அது குடியிருந்த ஃபோல்டரை, நாற்பத்தோராம் பக்கத்தில் நான் அடிக்கோடு போட்ட அதே ஃபோல்டரை, பூட்டியிருக்கிறேன். 'அனைத்துப் பயனர்களுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது, நான் உட்பட. அட்டை எண் 7 கணினியின் பின்புறம் மாட்டப்பட்டது. நீக்க வேண்டியவர்: நானே.' கீழே கையெழுத்து. பக்கத்தில் 'நீக்கிய நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

'நான் உட்பட' என்பதன் கீழே அப்போதே ஒரு கோடு போட்டிருந்தேன்.

நாலு நாளாக என்னைத் தடுத்துக்கொண்டிருந்த ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்த கேள்வி, ஏழாம் எண் அட்டை எங்கே?

"சிவப்பு அட்டையா? ஹீட்டர்ல தொங்குதே, அதுவா பாருங்க" என்றாள் என் மனைவி.

போய்ப் பார்த்தேன். ஏழு.

"இது எப்படி இங்க வந்தது?"

"ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரத் தொடச்சு சந்தனம் வெச்சேன்ல, அப்ப தரையில கெடந்தது. முந்தின வாரந்தான் ஹீட்டர் ஒழுகுது ஹீட்டர் ஒழுகுதுன்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்தீங்க. அதுலேருந்து விழுந்திருக்கும்னு நெனச்சு அங்க மாட்டினேன்."

"ஒழுகினது ஹீட்டர் இல்ல, பைப். அத அன்னிக்கே சரிபண்ணியாச்சு. என் அட்டைய ஏன் தொட்ட?"

"கழட்டத்தான கூடாதுன்னு சொன்னீங்க? நான் கழட்டல. மாட்டினேன். மாட்டக் கூடாதுன்னு உங்க ரூல்ல எங்கயாவது இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப ஹீட்டர் நல்லா இருக்கா?"

"ஒழுகினது பைப்புன்னா அதுக்கென்ன கேடு?"

"மூணு மாசமா பச்சத் தண்ணியில குளிச்சேனே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"மார்கழியில ஏதோ விரதம்னு நெனச்சேன். நான் அடுப்புல வெந்நீர் போட்டுக்கிட்டேன்."

கூடத்திலிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார். "சார், சண்டைய அப்பறமா போட்டுக்கலாம், மொதல்ல அந்தப் பூட்டத் தொறந்து வுடுங்க."

அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். பதிவேட்டில் நேரம் எழுத, சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டேன். இரண்டு நிமிட வித்தியாசம் இருந்தது.

"அய்ய, தொறந்துட்டுக் கையெழுத்துப் போடக் கூடாதா சார்?"

"கூடாது" என்றேன். அதுவும் மூன்றாம் பாடம்தான். அதை அவருக்கு நினைவுபடுத்த எனக்கு அப்போது தைரியமில்லை.

ஃபோல்டரின் பூட்டை நீக்கினேன். பதினெட்டாவது முறை. பட்டை தொண்ணூறுக்குப் போனது. நின்றது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். மண் வாசனை அடித்தது. பட்டை நூறுக்குப் போய், 'நிறுவல் முடிந்தது' என்றது. ஒரு வாழ்த்துகூட இல்லாமல் அவ்வளவுதான் சொன்னது.

சி.டி.யில் இருந்த கோப்பை ஏற்றி, அவருடைய பெயரையும் கணவர் பெயரையும் கொடுத்துத் தேடினேன். இரண்டு நொடி. பதினான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. ஊர், வடக்குத்து. பயிற்சி முடித்தார். நான் வாய்விட்டுப் படித்தேன். அவர் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் மண்ணும் இருந்தது.

"கீழ இன்னா சார் எழுதியிருக்குது, ஒரு வரி?"

குறிப்புக்கான கட்டம் அது. படிப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். அவருடைய பதிவு, அவருக்குக் காட்டியாக வேண்டும்.

"இரண்டாம் நாள் பிற்பகல் வகுப்பில் தூங்கினார். எழுப்பப்பட்டார்."

"நானா?"

"மொத பெஞ்ச்."

"தூங்கல சார். கண்ண மூடிகினு கேட்டேன். தூங்கியிருந்தா அட்டய நம்பாதன்னது எனக்கு எப்பிடித் தெரியும்?"

என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனாள்.

"அந்த வரிய மட்டும் எடுத்துட்டு பிரிண்ட் போடுங்க சார். நாளைக்கு ஆபீசர்கிட்ட குடுக்கறது. வேல செய்யிற பொம்பளன்னு காட்டணுமா, தூங்குமூஞ்சின்னு காட்டணுமா?"

"பதிவுல இருக்கறத இருக்கறபடிதான் தரணும்மா."

"ஆரம்பிச்சிட்டாரு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். பிரிண்ட், அதன்மேல் என் விளக்கக் கடிதம், அதனோடு அன்றைக்கு சி.டி. எடுக்க வாங்கிய அனுமதியின் நகல், எல்லாவற்றையும் நூல் கோத்துக் கட்டியிருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். என்னை உட்காரச் சொன்னார், அந்த அம்மாளை நிற்க விட்டார். நான் உட்காரவில்லை. அதிகாரி என் கடிதத்தைப் புரட்டினார், படித்ததாகத் தெரியவில்லை.

"சார், நீங்க பெரியவங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர் பிரிண்ட் யார் வேணும்னாலும் அடிக்கலாம். நீங்க ரிட்டயர்டு. உங்க கையெழுத்துக்கு இப்ப மதிப்பு இல்ல. வீட்ல உக்காந்து அடிச்சிட்டு வந்ததுன்னு நாளைக்கு யாராவது எழுதிப் போட்டா நான் என்ன பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன்; அதில் கையெழுத்திட்டவரும் ஓய்வு பெற்றுவிட்டார். சி.டி.யை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன் என்றேன். இந்தக் கணினியில் சி.டி. போட வாய் இல்லை. மணி நாலே கால்.

அந்த அம்மாள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு நாளாக என்னிடம் பேசிய வாய் அங்கே திறக்கவில்லை.

அதிகாரி தாளைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். நீட்டியவர் கடைசி வரியைப் பார்த்து நின்றார். மறுபடி படித்தார். அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தார்.

"வகுப்புல தூங்கினீங்களா?"

"கண்ண மூடிகினு கேட்டேன் சார்" என்றார், தரையைப் பார்த்தபடி.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் படித்தார். "போலியா ஒண்ணு தயார் பண்றவன் இதையா சார் எழுதுவான்?" என்றார் அவர். அதிகாரி தாளைத் திரும்ப வாங்கி முத்திரை குத்தி, வரவு எண் போட்டார். முப்பத்து நான்கு வருட சர்வீஸையும், மூன்று பக்க விளக்கத்தையும், நூல் கோத்த கட்டையும் அவர்கள் நம்பவில்லை. அந்தத் தூக்கத்தை நம்பினார்கள். நான் ஒப்புகைச் சீட்டு கேட்டேன். இதற்கெல்லாம் தருவதில்லை என்றார்கள். தர வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று சொன்னேன். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும், "ஏன் சார், அந்தத் துண்டு சீட்டுக்கு அவ்ளோ சண்ட?" என்றார். சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டவரும் அவர்தான்.

மாசி பிறந்து பத்து நாளில் பட்டியல் ஒட்டினார்கள். காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தார். நான் அப்போது வெந்நீரில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், பேரு வந்துட்ச்சி சார். பதினாலு வருசம்னு போட்டிருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம்மா."

"இன்னா சந்தோசம்? அந்த ஆபீசுல இருக்கறவங்க போயி மொத்த செக்சன்லயும் சொல்லிட்டாங்க. தண்ணி குடிக்கக் குந்துனாக்கூட, ஆயா தூங்கிட்டியா, கண்ண மூடிகினு கேக்கிறியான்னு அல்லாரும் கேக்கறாங்க. அந்த வரிய இப்பனாச்சும் அழிச்சிடுங்க சார்."

"முடியாதும்மா" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.